பன்னிரண்டரைப் பேர்

நீதிமன்ற அமீனா வந்து அழைப்பு மணியை அடித்தபோது நான் குக்கர் விசிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். அவர் படியிறங்கிப் போன பிறகுதான் படித்தேன். வேலைக்காலம் முழுக்கத் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து, படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று ஊரையே விரட்டியவள் நான். ஓய்வு பெற்ற அன்று குடையை மறந்து வைத்துவிட்டு வந்தேன். புத்தியையும் அங்கேயே வைத்துவிட்டேன் போலிருக்கிறது.

அது வழக்கு. வாதி, எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடிக்காரர், நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் பிரதிவாதி எங்கள் வீட்டு உரிமையாளர் சங்கம். இரண்டாம் பிரதிவாதி சங்கத் தலைவர். மூன்றாம் பிரதிவாதி நான். சங்க நிர்வாகக் குழுவில் காலியான இடத்தில் என்னை உட்கார வைத்தது செல்லாது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். காரணம் கீழே எழுதியிருந்தது. சங்கத்தின் சொந்தப் பதிவேட்டின்படியே நான் முழு உறுப்பினர் இல்லையாம்.

முழு உறுப்பினர் இல்லை என்றால் என்ன அர்த்தம்? மூன்று முறை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நான்காம் முறையும் படித்தேன். சர்க்கரை இருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, இடது காது கொஞ்சம் மந்தம். அதற்காக ஒருத்தியை முழு ஆள் இல்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுப்பார்களா? குக்கர் எத்தனை விசில் விட்டது என்று தெரியவில்லை. அன்றைக்குப் பருப்பு குழம்பாகவே ஆகிவிட்டது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கே இன்னும் பாதி புரியாததால் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போகிற சாலையில் இருக்கிறது எங்கள் கட்டடம். நான்கு மாடி, இருபத்துநான்கு வீடு. மொட்டை மாடியில் நின்றால் குன்றக்குடி மலை தெரியும் என்று சொல்லித்தான் விற்றார்கள். எனக்கு இதுவரை எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார். கிராமத்தில் எங்கள் பங்கு வயலை விற்று இந்த வீட்டை இருவர் பெயரிலும் வாங்கினோம். குடிவந்த இரண்டாம் வருஷம் அவர் போய்விட்டார். அதற்கப்புறம் நான் ஒருத்திதான்.

சங்க நிர்வாகக் குழுவில் ஐந்து பேர். அதில் ஒரு பேங்க் மேனேஜர் இருந்தார். அவருக்குத் தஞ்சாவூருக்கு மாற்றல் வந்தது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ராஜினாமாவை வாட்ஸப்பில் போட்டுவிட்டுக் கிளம்பினார். இருபது பேர் கும்பிடு படம் போட்டார்கள். ஓர் இடம் காலி.

அதே வாரம் அடித்த காற்றில் மேல்நிலைத் தொட்டியின் மூடி பறந்து போய் மாடியின் மூலையில் கிடந்தது. பத்து நாள் கிடந்தது. காக்கை குளித்த தண்ணீரில் நாங்கள் சோறாக்கினோம். பதினோராம் நாள் நானும் வாட்ச்மேனும் ஏறி அந்த மூடியை இழுத்து வைத்துக் கம்பியால் கட்டினோம். இறங்கி வந்த கையோடு வாட்ஸப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். அதில் நான் பேசியதைத் திரும்பச் சொல்ல மாட்டேன், மரியாதையாக இருக்காது. அரைமணி நேரத்தில் தலைவர் போன் செய்தார்.

"இம்புட்டுப் பேசுறீகளே தங்கச்சி, நீங்களே உள்ள வந்துருங்க. எடம் காலியாத்தான கெடக்கு" என்றார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரைத்தளத்தில் இருப்பவர், எழுபது தாண்டிய செட்டியார். ஊரில் இரண்டு தெருவுக்கு நீளும் பெரிய வீட்டைப் பங்காளிகள் பொறுப்பில் பூட்டிவிட்டு, கூட்டிப் பெருக்க முடியாமல் இங்கே வந்தவர்கள் அவரும் அவர் மனைவி ஆச்சியும். நகரத்தாரின் ஒன்பது கோவில்களில் இளையாத்தங்குடிக் கோவிலைச் சேர்ந்தவர்கள். ஊர்க் கோவில் காரியத்தை வருஷக்கணக்கில் பார்த்தவர் என்பதால் சங்கம் ஆரம்பித்ததும் அவரையே தலைவராக்கினோம். கூட்டத்தில் அவர் பக்கத்து நாற்காலியில் ஆச்சி மூக்குக் கண்ணாடிக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தலைவர் கையை நீட்டினால் கண்ணாடி வரும். எழுதி முடித்துக் கையை நீட்டினால் கண்ணாடி கூட்டுக்குள் போகும். இருவரும் இதற்காக ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

காலி இடத்தை எப்படி நிரப்புவது என்பதுதான் சிக்கல். மீதமுள்ள நிர்வாகிகளே தகுந்த உறுப்பினர் ஒருவரை நியமித்துக்கொள்ளலாம் என்கிறது சங்கத்தின் விதி. யார் தகுந்தவர் என்று விதியில் இல்லை. வழக்குப் போட்ட இரண்டாவது மாடிச் சர்வேயர் போன தேர்தலில் நின்று ஆறாவதாக வந்தவர். ஐந்தில் ஒருவர் போனால் ஆறாமவர்தானே அடுத்தவர் என்பது அவர் வாதம். எழுத்திலும் கொடுத்தார். ஒருவரும் பதில் எழுதவில்லை, அது தப்புத்தான். மீதி நால்வரில் இருவர் அவர் பக்கம், தலைவரும் இன்னொருவரும் என் பக்கம். சமமாக வந்தால் தலைவருக்கு இரண்டாவது ஓட்டு உண்டு என்றார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு ஓட்டு எப்படி என்று அப்போதே எனக்குக் குழம்பியது. நமக்கு நல்லதாக முடிகிறதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதோடு தீரவில்லை. இப்படி நியமித்ததைச் சிறப்புப் பொதுக்குழு கூட்டி, குறைந்தது பதிமூன்று உறுப்பினர் முன்னிலையில் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு ஓர் உறுப்பினர்தான். கூட்டம் நடந்தது. நான் எண்ணினேன், பதிமூன்று வீட்டார் வந்திருந்தார்கள். கைதூக்கினார்கள். தலைவர் எழுதினார், மடமடவென்று வாசித்தார். எல்லாரும் கீழே கையெழுத்துப் போட்டோம். மைசூர்பாகு கொடுத்தார்கள்.

சர்வேயர் மட்டும் மைசூர்பாகு வாங்கவில்லை. நோட்டை வாங்கி எழுத்தெழுத்தாகப் படித்தார், செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். காலமெல்லாம் வரப்புக்கும் வரப்புக்கும் நடுவே சங்கிலி இழுத்த மனுஷன், அவர் கண்ணுக்குத் தப்புமா?

அந்தப் படத்தைத்தான் வழக்கோடு இணைத்திருந்தார். தலைவர் கையெழுத்து, முத்து முத்தாக. வருகை: பன்னிரண்டரை.

காகிதத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை. தலைவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஆச்சி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், நான் தொடவில்லை. இந்த அரை யார் என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்காமல், நீங்கள்தான் என்றார். உறுப்பினர் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். இருபத்துமூன்று வீட்டுக்கு நேரே ஒன்று. என் வீட்டுக்கு நேரே ஒன்று என்றிருந்ததை நிறுத்தி, அடுத்த பக்கத்திலிருந்து அரை. என் வீட்டுக்காரர் காலமான மாதத்திலிருந்து.

அவர் விளக்கியதை எனக்கு விளங்கிய வரைக்கும் சொல்கிறேன். அவர்கள் கோவிலில் குடும்பங்களைப் புள்ளி என்று எழுதுவார்கள். கல்யாணமானதும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு புள்ளி. வரி போடுவதும் மரியாதை செய்வதும் அந்தக் கணக்கில்தான். புருஷன் போய்விட்டால் அந்தப் பெண் அரைப் புள்ளி. வரிப் பாரமும் அவளுக்குப் பாதிதான். இங்கேயும் வீட்டுக்கு ஒன்று என்றதும் பழகிய கை அப்படியே எழுதிக்கொண்டு போயிருக்கிறது.

"இது கோவில் இல்லண்ணே, பிளாட்டு" என்றேன். "எங்க சாதி சனத்துல இப்பிடி ஒரு வழக்கமே கெடையாது. மூணு வருசமா என்னைய அரை ஆளாவா எண்ணிக்கிட்டு இருந்தீக?"

அவர் நிஜமாகவே குழம்பிப் போனார். "கொறச்சு எழுதல தங்கச்சி. உள்ளதத்தான எழுதினேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. முதல் மாடியில் கல்யாணமாகாத ஐ.டி. பையன் ஒருவன் சொந்த வீட்டில் இருக்கிறானே, அவன் என்ன கணக்கு என்று கேட்டேன். கல்யாணம் ஆகாதவர் அவர்கள் வழக்கப்படி புள்ளியே இல்லையாம். எப்படி எழுதுவதென்று தெரியாமல் ஒன்று என்று போட்டுவிட்டாராம். ஆக, தனியாக இருக்கிற பையன் ஒன்று, தனியாக இருக்கிற நான் அரை. தலைவருக்கு இரண்டு ஓட்டு வேறு. தலை சுற்றியது.

சரி, நடந்தது நடந்துவிட்டது, அடித்துவிட்டு ஒன்று என்று எழுதுங்கள் என்றேன். அவர் நோட்டை மூடிவிட்டார். கோவில் ஏட்டில் எழுதியதை அடிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாதாம், ஆயுசில் ஒருமுறைகூட அடித்ததில்லையாம். ஆச்சி அப்போதுதான் வாயைத் திறந்தார். "அந்தப் புள்ள கேக்குறதுல என்ன தப்புங்கறேன்? எழுதிக் குடுங்களேன்" என்றார். தலைவர் நோட்டை எடுத்து அலமாரியில் வைத்தார். தண்ணீரைக் குடிக்காமலே மேலே வந்தேன். பிறகு ரொம்ப நாள் அந்தத் தம்ளரைப் பற்றி எனக்கு வருத்தமாக இருந்தது.

அதுவரைக்கும் அந்த நாற்காலி எனக்குப் பெரிதில்லை. தொட்டி மூடியைக் கட்டியாயிற்று, போதும். அரை என்று பார்த்த பிறகுதான் விட மாட்டேன் என்று பிடிவாதம் வந்தது. இடம் கிடைக்காவிட்டால் போகட்டும், முழு ஆள் என்று எழுத வைக்காமல் ஓய்வதில்லை என்று வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன். அதைப் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

என் வக்கீல் ஒரு பெண், கெட்டிக்காரி. அவளும் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: அரை உறுப்பினர் என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது, அது நமக்குச் சாதகம். ஆனால் நோட்டில் எழுதியது சரி என்றால் பதிமூன்று வரவில்லை, உங்கள் பதவி போச்சு. எழுதியது தப்பு என்றால் மூன்று வருஷமாக நடந்த எல்லாக் கூட்டத்தின் வருகையும் தப்பு, போர்வெல் போட்டதிலிருந்து சர்வேயருக்குக் கார் நிறுத்த இடம் ஒதுக்கியது வரைக்கும் கேள்வி வரும். அப்படியானால் நமக்கு எது நல்லது என்று கேட்டேன். "எனக்கே இன்னும் தெரியலம்மா" என்றாள். அந்த உண்மைக்காகவே அவளை எனக்குப் பிடித்துப் போனது.

வாய்தா மேல் வாய்தா. இதில் கூத்து என்னவென்றால், வாதி, பிரதிவாதிகள் மூவரும் ஒரே கட்டடம். வெயிலுக்குப் பயந்து இரண்டாவது வாய்தாவுக்கு ஒரே ஷேர் ஆட்டோவில் போனோம். சர்வேயர் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார். எனக்குக் குழுவில் இடம் தரக்கூடாது என்று வழக்குப் போட்டவர் ஆட்டோவில் இடம் தருகிறாரே என்று யோசித்தேன். அவர் கெட்டவர் இல்லை. எழுதிக் கொடுத்ததற்குப் பதில் இல்லை என்ற கோபம் அவருக்கு. என்னிடமே சொன்னார்: "மேடம், உங்க மேல ஒண்ணுமில்ல. வழின்னு ஒண்ணு இருக்குல்ல?" நானும், ஒன்றுமில்லை சார் என்றேன். பிறகு எதற்கு நான் மூன்றாம் பிரதிவாதி என்று கேட்டிருக்க வேண்டும். தோன்றவில்லை.

நீதிபதி நோட்டை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். "இந்த அரை யாரு?" என்று கேட்டார். கோர்ட்டில் எல்லாரும் சிரித்தார்கள். டவாலியும் சிரித்தார். என் வக்கீல் எழுந்திருக்குமுன் நான் எழுந்துவிட்டேன்.

"நான்தாங்கய்யா."

சிரிப்பு நின்றது. நீதிபதி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் புதிதாக ஒரு பொதுக்குழு கூட்டி, இருவரும் போட்டியிட்டு, முடிவை நோட்டோடு கொண்டுவாருங்கள், உறுப்பினரை உறுப்பினராக எழுதுங்கள் என்றார் நீதிபதி. ஒத்துக்கொண்டோம். கூட்டத்துக்குத் தேதியும் குறித்தோம்.

அந்தத் தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆச்சி போய்விட்டார். காலையில் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, நெஞ்சு எரிகிறது என்று படுத்தவர்தான். வழக்கை மறந்து எல்லாரும் கீழே நின்றோம். சர்வேயர்தான் ஊருக்கு வண்டி ஏற்பாடு செய்தார். நான் ஆச்சியின் காலடியில் உட்கார்ந்திருந்தேன். அன்று குடிக்காத அந்தத் தண்ணீர் ஞாபகம் வந்து அழுதேன். எதற்கு இவ்வளவு அழுகிறாள் என்று அவர்கள் சொந்தக்காரர்கள் பார்த்தார்கள்.

கூட்டத்தைத் தள்ளி வைப்போம் என்று சொல்லிப் பார்த்தோம். கோர்ட்டில் சொன்ன தேதி, மாற்றக்கூடாது என்று தலைவர் கேட்கவில்லை. காரியமெல்லாம் முடித்து ஊரிலிருந்து தனியாகத் திரும்பி வந்தார்.

அன்று மழை. கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டிருந்தது. வந்தது மறுபடியும் சரியாகப் பதிமூன்று வீட்டார். பழக்க தோஷத்தில் வாட்ச்மேன் தலைவருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியும் போட்டுவிட்டார், அதை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. தலைவர் எழுத ஆரம்பித்தபோது இடது கையை நீட்டினார். நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு தன் சட்டைப் பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்தார்.

வீடு வீடாக எழுதி, கூட்டி, வாசித்தார்.

"வருகை, பன்னிரண்டரை."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கோர்ட்டில் நீதிபதி சொல்லியும், இத்தனை அலைச்சலுக்குப் பிறகும், மறுபடியும் அரையா? துக்கத்தில் இருப்பவர் என்றுகூடப் பார்க்காமல் எழுந்து போய் அவர் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கினேன். சர்வேயரும் எழுந்து வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

என் வீட்டுக்கு நேரே ஒன்று. தெளிவாக, அழுத்தமாக, ஒன்று. விரலை மேலே ஓட்டிக்கொண்டு போனேன். தரைத்தளம், தலைவர் வீட்டுக்கு நேரே அரை.

சண்டைக்குப் போன கை நோட்டை அவர் பக்கம் திருப்பியது.

"அண்ணே, நீங்க முழுசா இங்கதான உக்காந்திருக்கீக. ஒண்ணுன்னு எழுதுங்க" என்றேன்.

"எழுத வரல தங்கச்சி" என்றார்.

சர்வேயருக்கு அந்த அரை போதும். பதிமூன்று இல்லை, கூட்டம் செல்லாது என்று அங்கேயே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் தன் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் அந்த அரையை அடித்தேன். அந்த நோட்டிலேயே முதல் அடித்தல். பக்கத்தில் ஒன்று என்று எழுதினேன். கீழே பதிமூன்று என்று திருத்தினேன். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது கேட்பார்கள் என்றார் சர்வேயர். சொல்லிவிட்டு அவரே முதலில் குனிந்து சுருக்கொப்பம் போட்டார்.

ஓட்டு எடுத்தார்கள். எனக்கு ஏழு, அவருக்கு ஐந்து. தலைவர் கை தூக்கவில்லை. அடுத்த வாய்தாவில் வழக்கு முடிந்தது. நான் இப்போது நிர்வாகக் குழுவில் இருக்கிறேன், தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட்டாயிற்று. அந்த மனுஷர் மூன்று வருஷம் என்னை அரை என்று எழுதியது பழக்கமா, பாரத்தைக் குறைக்கிற எண்ணமா, அல்லது நான் கோபப்பட்டது போல அவமானம்தானா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

அன்று கூட்டம் கலைந்து நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். நோட்டை அவர் மடியில் வைத்தேன். அவர் அதைத் திறக்கவில்லை. பக்கத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தங்கச்சி, மூணு வருசமும் ஒங்களுக்கு இப்பிடித்தான் இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இதற்காகத்தானே கோர்ட்டு வரைக்கும் போனேன், நான் முழு ஆள் என்று அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றவள்.

"ஆமாண்ணே" என்றேன்.